வண்டி நிற்காத வீடு

ஒரு வீட்டைப் பார்க்கப் போனால் எல்லோரும் உள்ளே போய்ச் சமையலறையைப் பார்ப்பார்கள். என் வீட்டுக்காரர் தர்மராஜ் வாசலிலேயே நின்றுகொள்வார். நாலு எட்டு முன்னால் வைப்பார், நாலு எட்டு பின்னால் வைப்பார், இரண்டு கையையும் விரித்துப் பார்ப்பார், பிறகு “வண்டி நிக்காது” என்பார். அதோடு அந்த வீடு முடிந்தது. உள்ளே புது டைல்ஸ் போட்டிருந்தால் என்ன, மயில் தோகை விரித்து ஆடினால் என்ன, அவர் அதற்குள் போய்க் காரில் உட்கார்ந்திருப்பார்.

வண்டி என்பது ஒரு வெள்ளைக் கார். ஆறு வருடத்துக்கு முன்னால் பரமக்குடியில் ஒருவரிடம் பழையதாக வாங்கியது. வாங்கிய அன்று உத்தரகோசமங்கைக் கோயில் வாசலில் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்கினோம். அன்றிலிருந்து இன்று வரை அதன் மேல் ஒரு காக்கை உட்கார அவர் சம்மதித்ததில்லை. வேப்பமரத்தடியில் நிறுத்த மாட்டார், பூக் கொட்டும். புளியமரத்தடியில் நிறுத்தவே மாட்டார், பறவை எச்சம். எங்கள் மகள் யுவராணி கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போன அன்று அவர் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஓர் ஆட்டோக்காரர் பின்கதவில் கோடு இழுத்துவிட்ட அன்று வந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

எங்களுக்கு ஊர் உத்தரகோசமங்கைக்கு அந்தப் பக்கம். அவருக்கு மிளகாய் வத்தல் வியாபாரம். ஊர் ஊராகப் போய் முண்டு வத்தலைப் பிடித்துப் பரமக்குடியில் கொடுப்பார். நான் ராமநாதபுரத்தில் அரண்மனைக்குப் பக்கத்தில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறேன். வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் விடியும் முன்னே வந்து உட்கார்ந்துவிடுவார்கள், சர்க்கரைக்காரர்களின் பசி பொல்லாதது. ஊரிலிருந்து முதல் பஸ் டவுனுக்கு வருவதற்குள் ஏழு மணி ஆகிவிடும். அதனால் ஒன்பது வருடமாக அவர்தான் என்னைக் கொண்டுவந்து விடுகிறார். மூன்று வருடம் பைக்கில், ஆறு வருடம் காரில்.

ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். கற்றுக்கொண்டேன். மூன்றாம் நாள் கண்மாய்க்குள் இறங்கினேன். ஸ்கூட்டியை ஒரு பக்கமும் என்னை ஒரு பக்கமுமாகத் தூக்கினார்கள். இடது மணிக்கட்டில் இன்னும் கம்பி இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நானும் எடுக்கவில்லை, ஊரும் எடுக்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், ஐப்பசியில் ஒருநாள், லேப் உரிமையாளர் சத்யப்பிரியா மேடம் என்னைக் கூப்பிட்டார்.

“லட்சுமி அக்கா, பொங்கல் கழிச்சு நீங்கதான் இன்சார்ஜ். அஞ்சரைக்குத் தொறக்கணும். சாவி உங்ககிட்ட இருக்கும். ஒரு நாள் கூடத் தவறக் கூடாது. போன மாசம் நாலு நாள் லேட்டு. முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க. அருள்முருகன் வீடு பின்னாடி தெருதான.”

அந்த நாலு நாளில் இரண்டு நாள் அவர் பரமக்குடியில் தங்கிவிட்டார், ஒரு நாள் பஞ்சர், ஒரு நாள் ஆட்டு மந்தை. லேபில் என்னோடு வேலை பார்க்கிற அருள்முருகன் நல்ல பையன்தான். ஆனால் நாலு இடத்தில் குத்தி ஐந்தாவது இடத்தில்தான் நரம்பைக் கண்டுபிடிப்பான். பதினான்கு வருடமாக ஒரே குத்தில் ரத்தம் எடுக்கிற நான் அவனுக்குக் கீழே நின்று டியூபில் பெயர் எழுதி ஒட்டுவதா? அந்த வேலை எனக்கு வேண்டும். ரொம்பவே வேண்டும். வெளியே பெருமையாகச் சொல்லிக்கொள்ளாவிட்டாலும் மனசுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், இன்சார்ஜ் முருகலட்சுமி என்று.

அப்படித்தான் டவுனில் வீடு வாங்குவது என்று முடிவானது. ஊரில் இருக்கிற வீட்டை வைத்துக்கொண்டே வாங்குவதில் எங்களுக்குள் ஒரு சண்டையும் இல்லை. எந்த வீடு என்பதில்தான் ஆரம்பித்தது.

தரகர் ஹமீது சுல்தான் அறுபதைத் தாண்டியவர். டவுனில் எந்த வீட்டுச் சுவர் எந்த மழையில் ஒழுகும் என்பது வரைக்கும் தெரிந்தவர். பதினோரு வீடு காட்டினார். ஒன்பது வீட்டை என் வீட்டுக்காரர் வாசலிலேயே கழித்துக்கட்டினார். கடைசியில் இரண்டு நின்றது. இரண்டுக்கும் விலை ஏறக்குறைய ஒன்று.

முதலாவது, டவுனுக்குக் கிழக்கே, ஈசிஆர் பக்கம் வரிசையாகக் கட்டிவிட்ட புது வீடுகளில் ஒன்று. வீடு என்னவோ தீப்பெட்டி அளவுதான். ஆனால் முன்னால் போர்டிகோ இருந்தது பாருங்கள், கல்யாணப் பந்தி வைக்கலாம். என் வீட்டுக்காரர் காரை உள்ளே விட்டார், வெளியே எடுத்தார், மறுபடியும் உள்ளே விட்டார். நாலு கதவையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். நிச்சயத்தன்று என்னைக் கூட அவர் அப்படிப் பார்க்கவில்லை.

“எப்படி?” என்றார்.

“லேபுக்கு அஞ்சு கிலோமீட்டர்,” என்றேன்.

“நான் கொண்டாந்து விடுறேன்.”

“நீங்க ஊர்ல இல்லாத அன்னைக்கு?”

“ஆட்டோ.”

“அஞ்சு மணிக்கு இந்தப் பொட்டக்காட்டுக்கு எந்த ஆட்டோ வரும்?”

“அன்னைக்கு ஒரு நாளைக்குப் பாத்துக்கிறலாம்.”

அந்த ஒரு நாள்தான் எனக்கு வேலை போகிற நாள் என்பது அவருக்கு ஏறவே இல்லை.

இரண்டாவது, அரண்மனைக்குப் பின்னால் வளவிக்காரச் சந்தில். ரிஃபாய் என்பவருடைய வீடு, அவர் குடும்பத்தோடு சென்னைக்குப் போய்விட்டார். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டிய மாடி வீடு. கீழே ஒரு கூடம், மேலே இரண்டு அறை, மொட்டை மாடியில் நின்றால் கடல் காற்று மதியமே வந்துவிடும். மார்க்கெட் கூப்பிடு தூரம். பள்ளிவாசல், கோயில், மருந்துக் கடை, பரோட்டாக் கடை எல்லாம் காலடியில். லேபுக்கு நடை ஏழு நிமிடம். நான் நடந்து பார்த்தே சொல்கிறேன்.

ஒரே குறை, சந்தின் அகலம் எட்டடி. என் வீட்டுக்காரர் டேப்பை எடுத்து மூன்று இடத்தில் அளந்தார். கார் உள்ளே போகும், ஆனால் போனால் கதவைத் திறக்க முடியாது. காருக்குள்ளேயே குடித்தனம் நடத்த வேண்டியதுதான். சந்து தெருவில் சேருகிற முக்கில் மட்டும் கொஞ்சம் அகலம் இருந்தது. அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஐந்தாறு வண்டிக்காரர்கள் கண் வைத்திருந்தார்கள்.

“வண்டி நிக்காது,” என்றார்.

“நான் நிப்பேன்ல,” என்றேன்.

ஹமீது சுல்தான் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றார். “தம்பி, அவசரப்படாதீங்க. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிச்சுட்டு வந்து கேக்குறேன், அன்னைக்குச் சொல்லிருங்க. இன்னொரு பார்ட்டியும் கேட்டுக்கிட்டு இருக்கு. அதுவரைக்கும் தெனம் காலைல தங்கச்சிய விட்டுட்டு, வண்டிய இந்த முக்குல நிப்பாட்டிப் பாருங்க. நின்னா இந்த வீடு, நிக்கலைன்னா அந்த வீடு. அல்லாஹ் எதைக் குடுக்குறானோ அதை எடுத்துக்கிருவோம்.”

நியாயமான பேச்சாகத்தான் இருந்தது. என் வேலை ஒரு காரின் பின்பக்கத்தில் தொங்குகிறது என்பது மட்டும்தான் எனக்கு இடித்தது.

திங்கட்கிழமை ஐந்தே முக்காலுக்கு முக்கில் இடம் கிடைத்தது. சுபுஹு தொழுகைக்கு வந்தவர்களின் பைக் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தது, இவர் உள்ளே நுழைத்துவிட்டார். டீ குடித்துவிட்டுப் பெட்ரோல் போடப் போய்த் திரும்பினால் அந்த இடத்தில் ஒரு அரிசி வண்டி நின்றது. செவ்வாய்க்கிழமை ஒரு பெரிய கல்லை அடையாளத்துக்கு வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது கல் சுவரோரமாக மரியாதையாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது, அதன் இடத்தில் தக்காளி வண்டி. புதன்கிழமை எங்கிருந்தோ கை உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். வந்து பார்த்தால் அதில் ஒரு பெரியவர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்து, “நாக்காலி போட்ட மகராசன் நல்லாருக்கணும்” என்றாராம். எழுப்ப மனசு வரவில்லை.

அன்று மாலை காரில் வரும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. மூன்று நாளும் அவர் பக்கம்தான் ஜெயம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அருள்முருகன் கையில் சாவி குலுங்குவதைக் கற்பனை செய்துகொண்டு வந்தேன்.

வியாழக்கிழமை காலையில், நியாயமாக இன்னொரு தடவை முயற்சி செய்துவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அவரிடம் இந்த நேர்மை உண்டு, சும்மா சொல்லக் கூடாது. எங்கள் பக்கம் யார் வண்டியின் டிக்கியைத் திறந்தாலும், ஸ்டெப்னி இருக்கிறதோ இல்லையோ, ஒரு பிளாஸ்டிக் குடம் இருக்கும். போகிற வழியில் எங்கேயாவது உப்பில்லாத தண்ணீரைக் கண்டால் பிடித்துக்கொள்ள. எங்கள் டிக்கியில் ஒரு நீலக் குடம் கிடந்தது. அதை எடுத்து முக்கில் சரியாக நடுவில் வைத்து, காற்றில் உருளாமல் இருக்க உள்ளே ஒரு கல்லைப் போட்டுவிட்டு, ஒரு வத்தல்காரரைப் பார்க்கப் போய்விட்டார்.

எங்கள் ஜில்லாவில் நடுத்தெருவில் ஒரு காலிக் குடம் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தண்ணீர் லாரி வரப்போகிறது, வரிசையில் இது முதல் குடம். நடை பழகுகிற பிள்ளைக்குக் கூடத் தெரியும். என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து அவருக்குத் தண்ணீர் பிடித்தது அவருடைய அம்மா, பிறகு அக்கா, பிறகு நான். ஒரு நாளாவது வரிசையில் நின்றிருந்தால்தானே தெரியும்.

அந்த வாரம் சந்தில் குழாய் உடைந்து நாலு நாளாகத் தண்ணீர் வரவில்லை. வாசல் பெருக்க வந்த பாண்டியம்மாள்தான் முதலில் குடத்தைப் பார்த்தது. ரிஃபாய் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரி, ஐம்பத்தைந்து வயசு, சந்தில் அவள் சொன்னால் சொன்னதுதான். யாருடைய குடம் என்று கேட்கவில்லை. கேட்டுக்கொண்டு நிற்கிற நேரத்தில் மூன்று பேர் முந்திவிடுவார்கள். உள்ளே போய் இரண்டு குடத்தை எடுத்துவந்து நீலக் குடத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள். அவள் வைத்ததைப் பார்த்து அடுத்த வீடு, அதைப் பார்த்து மாடி வீடு. அரை மணி நேரத்தில் வரிசை சந்துக்குள் திரும்பி மூன்றாவது வீட்டு வாசலைத் தொட்டுவிட்டது.

“லாரி எத்தன மணிக்காம்?” என்று யாரோ கேட்டார்கள்.

“மொதக் குடம் வச்சவங்களுக்குத் தெரியும்,” என்றாள் பாண்டியம்மாள்.

மொதக் குடம் வைத்தவர் அப்போது ஒரு கிட்டங்கியில் மூட்டைகளுக்கு நடுவே வத்தலைக் கையில் உடைத்து விதை பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டரை மணி வரைக்கும் லாரி வரவில்லை என்றதும் பொறுமை போய்விட்டது. நாலைந்து பேர் மாறி மாறிக் கவுன்சிலருக்குப் போன் போட்டார்கள். “லாரி எங்கன வருது?” என்றுதான் கேட்டார்களே தவிர, வருமா என்று யாரும் கேட்கவில்லை. தனக்குத் தெரியாமல் தன் வார்டுக்கு யார் லாரி அனுப்புகிறது என்று கவுன்சிலருக்குக் கலக்கம். எதிர்க்கட்சி வேலையாக இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, எங்கேயோ போய்க்கொண்டிருந்த ஒரு லாரியைத் திருப்பிவிட்டார்.

ஒன்பதரைக்கு என் வீட்டுக்காரர் ஒதுக்கி வைத்த இடத்தில் வண்டியை விடலாம் என்று ஆசையோடு வருகிறார். எதிரே முப்பத்தேழு குடம். நீலம், பச்சை, சிவப்பு, சில்வர், நடுவில் பெயிண்ட் டப்பாக்கள் வேறு. பின்னால் ஹாரன் சத்தம். கண்ணாடியில் பார்த்தால் தண்ணீர் லாரி.

“கார எடுய்யா, லாரி நிக்கணும்,” என்று பாண்டியம்மாள் சத்தம் போட்டாள். அவர் எப்படியோ காரை ஒடித்து மருந்துக் கடைப் படியோரம் ஏற்றி நிறுத்தினார். அப்படியே போய்த் தப்பித்திருக்கலாம். ஆனால் இறங்கி வந்து தன் குடத்தை எடுக்கப் பார்த்தார்.

“யோவ், மொதக் குடத்துல கைய வைக்கிற. யாரு நீ?”

“இல்லங்க, இது எங்க குடம்.”

“ஒங்க குடமா? புதுசா இருக்கியே. யார் வீடு?”

அவர் ரிஃபாய் வீட்டைக் கை காட்டினாராம். முப்பத்தேழு குடத்துக்காரிகளும் திரும்பிப் பார்க்கும்போது மனுஷன் வேறு என்னதான் சொல்வார்.

“அப்படியா. தண்ணி புடிக்க ஒன் வீட்டம்மா எங்கன?”

“வந்துக்கிட்டே இருக்காங்க,” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்று எனக்குப் போன் போட்டார்.

“லட்சுமி, ஒரு சின்ன வேல. கொஞ்சம் வர முடியுமா?”

“எங்க?”

“சந்து முக்குக்கு. தண்ணி புடிக்கணும்.”

“என்ன தண்ணி?”

“வா, வந்தப்பறம் சொல்றேன். வெரசா வா.”

அந்த நேரத்துக்குக் காலைக் கூட்டம் ஓய்ந்திருக்கும். மேடத்திடம் சொல்லிவிட்டு வெள்ளைக் கோட்டைக் கூடக் கழற்றாமல் ஓடினேன். ஏழு நிமிட வழி, ஐந்து நிமிடத்தில் போய்விட்டேன். லாரிக்காரர் ஓஸைக் கையில் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். முதல் குடத்துக்குப் பிடிக்காமல் இரண்டாவது குடத்துக்குப் பிடிக்க அந்தச் சந்தில் யாரும் விடவில்லை. அதுதான் வரிசையின் நியாயம். முன்பின் தெரியாதவளின் குடமாக இருந்தாலும் முதல் குடம் முதல் குடம்தான்.

நான் கல்லை எடுத்துப் போட்டுவிட்டுக் குடத்தை ஓஸுக்குக் கீழே வைத்தேன். தண்ணீர் விழ விழ என் வீட்டுக்காரர் என் காதருகில் நடந்ததையெல்லாம் சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குடம் நிறைந்ததும் பாண்டியம்மாளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இது தண்ணிக்கு வச்ச குடம் இல்ல. இவரு கார் நிப்பாட்ட எடம் புடிச்சு வச்ச குடம்.”

பாண்டியம்மாள் என் வீட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அவள் சிரித்த சிரிப்பில் இடுப்பில் இருந்த குடம் நழுவியது. அப்புறம் வரிசை முழுக்கச் சிரிப்பு.

“நாலு நாளா நாங்க கத்திக் கத்தி வராத லாரி, ஒங்க காருக்கு வந்துருச்சே தாயி,” என்றாள். “இவர தெனம் ஒரு குடம் வைக்கச் சொல்லு.”

நான் டாக்டர் இல்லை, ரத்தம் எடுக்கிறவள் என்று தெரிந்ததும் இரண்டு பேர் கையை நீட்டி நரம்பைக் காட்டினார்கள். ஒருத்தி சர்க்கரை எவ்வளவு இருந்தால் மாம்பழம் சாப்பிடலாம் என்று கேட்டாள். ரிஃபாய் வீட்டுக் கிணறு எந்த மாதத்தில் வற்றும், எந்த ஜன்னலைத் திறந்தால் கொசு வரும் என்று நான் கேட்காமலே சொன்னார்கள். அங்கே நின்ற பதினைந்து நிமிடத்தில் நான் அந்த வீட்டில் குடியேறிவிட்டேன். அதை அப்போதே மனசுக்குள் ஒப்புக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் விடாமல் பாண்டியம்மாளிடம் கேட்டார். “அக்கா, நெசமாவே இங்கன வண்டி நிப்பாட்ட எடம் கெடைக்காதா?”

“கெடைக்காதுய்யா. பொய் சொல்ல மாட்டேன். எம் மகன் வண்டி நாலு வருசமா வெளிலதான் நிக்குது. வண்டி வேணும்னா வேற வீடு பாரு. பொண்டாட்டி நடந்து போகணும்னா இத வாங்கு.”

இவ்வளவு பச்சையாக யாரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை, நான் உட்பட.

மதியம் மூன்று மணிக்கு ஊருக்குத் திரும்பினோம். பின் சீட்டில் அந்தக் குடம் துணி கட்டி உட்கார்ந்திருந்தது. டவுனைத் தாண்டிக் கருவேலங்காடு வந்ததும் நான் ஆரம்பித்தேன்.

“எனக்கு அந்தச் சந்து வீடுதான் வேணும். ஒங்களுக்காகன்னு சொல்லல, எனக்காகத்தான் கேக்குறேன். யாரையும் எழுப்பாம, யாரையும் கேக்காம, நானா நடந்து போய் அந்தக் கதவத் தொறக்கணும். அந்த வேல எனக்கு வேணும்.”

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். ஒரு மாட்டு வண்டிக்கு ஒதுங்கி வழிவிட்டார். பிறகு, “அந்த வீட்டுக்குப் போயிட்டா நான் காலைல எதுக்கு எந்திரிக்கணும்?” என்றார். 

நான் கிண்டல் என்று நினைத்தேன். “நல்லா தூங்குங்க. ஒம்போது வருசமா நாலரைக்கு எந்திரிக்கிறீகள்ல.”

“தூக்கத்தப் பத்தி யார் கேட்டா,” என்றார். கியரை மாற்றினார், அதற்கு அவசியமே இல்லை. “வீட்டுக்கு வந்தா நீ அடுப்படிக்குப் போயிருவ. அப்பறம் யுவராணி கூடப் போனு. அப்பறம் படுத்துருவ. இந்த அரை மணி நேரந்தான் நீ என்கிட்ட பேசுற. லேபுல அவன் அப்படிச் செஞ்சான், மேடம் இப்படிச் சொன்னாகன்னு. அந்த போர்டிகோ வீடுன்னா பத்து நிமிசமாவது கெடைக்கும்னு பாத்தேன். வேற ஒண்ணுமில்ல.”

இந்த மனுஷன் காருக்காகத்தான் அழிச்சாட்டியம் பண்ணுகிறார் என்று ஒரு மாதமாகக் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தேன். அதற்காக, சரி, அந்த வீட்டையே வாங்குங்கள் என்று என் வாயில் வரவில்லை. வந்திருந்தால் பொய்யாகியிருக்கும். கியரின் மேல் இருந்த அவர் கையின் மேல் என் கையை வைத்துக்கொண்டு வந்தேன். ஊர் எல்லை வந்ததும் எடுத்துவிட்டேன், யாராவது பார்ப்பார்கள்.

மறுநாள் ஜும்ஆ முடிந்து ஹமீது சுல்தான் போன் போட்டபோது எடுத்தது அவர்தான். நான் அடுப்படியில் அடுப்பை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“பாய், சந்து வீட்டயே பேசி முடிச்சுருங்க,” என்றார். “வண்டிக்கு எங்கனயாவது ஒரு எடம் மட்டும் பாத்துக் குடுங்க.”

மார்கழி பிறப்பதற்குள் பத்திரம் முடிந்தது. கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்சினோம். சாமான்களோடு குடி வந்தது பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை. பாண்டியம்மாள் வாசலில் நின்று ஆள்காரர்களை விரட்டி வேலை வாங்கினாள். கட்டிலை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில் ஹமீது சுல்தான் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்.

“தங்கச்சி, நான் தம்பிக்கு நல்ல ஷெட்டு பாத்து வச்சேன். பள்ளிவாசலுக்குப் பின்னாடி, மேல தகரம் போட்டது, கதவு போட்டது. இங்கேருந்து ரெண்டு நிமிசம். வேணாம்னுட்டாரு. கேணிக்கரையில ஒரு புளியமரத்தடி எடத்தக் கேட்டு வாங்கிருக்காரு. கால் மணி நேரம் நடக்கணும். கொக்கு, காக்கா எல்லாம் கூடி அபிஷேகம் பண்ற எடம். என்ன கணக்குன்னு எனக்கு வெளங்கல.”

எனக்கு விளங்கியது. எங்கள் சந்திலிருந்து கேணிக்கரைக்கு நடந்து போனால் லேப் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கு நான் எழுந்தபோது அவர் முகம் கழுவி, சட்டை போட்டு, கார் சாவியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“நீங்க எங்க?” என்றேன்.

“வண்டி எடுக்கணும்ல.”

“வத்தல்காரங்க ஒம்போது மணிக்குத்தான வருவாக?”

“கொஞ்சம் முன்னாடி போனா நல்லது,” என்றார். எனக்கு நானாக நடந்து போக வேண்டும் என்றுதான் இருந்தது, அது பொய்யில்லை. ஆனால் பக்கத்தில் ஒரு ஆள் நடந்து வந்தால் அதற்காக என் கால் என் காலாக இல்லாமல் போய்விடாது.

ஐந்து பத்துக்குக் கிளம்பினோம். தொழுகைக்குப் போகிறவர்கள் எதிரே வந்தார்கள். பால் வண்டி ஒன்று கடந்து போனது. யுவராணி ஹாஸ்டலில் எலி வந்த கதையை நான் ஆரம்பித்தேன். வார்டன் துடைப்பத்தோடு ஓடி வருகிற இடத்துக்கு வருவதற்குள் லேப் வந்துவிட்டது. படியில் ஏற்கெனவே மூன்று சர்க்கரைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள், என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். நான் ஷட்டரைத் தூக்கி, விளக்கைப் போட்டு, கையுறையை மாட்டினேன். முதல் ஆளுக்கு ஒரே குத்தில் ரத்தம் வந்தது. நிமிர்ந்து பார்த்தபோது அவர் கேணிக்கரைப் பக்கம் மெதுவாக நடந்து போய்க்கொண்டிருந்தார், எலி என்ன ஆனது என்று தெரியாமலே.

மறுநாள் நாங்கள் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பினோம். ராத்திரியே அலாரத்தை மாற்றி வைத்தது நான்தான்.